கைத்தொலைபேசி மாறுவோர் கைவிடுவனவும் காத்துக்கொள்வனவும்

வாடகை வீடொன்றிற் பல்லாண்டு வாழ்ந்த குடும்பம் வேறு வீட்டுக்குக் குடிபெயரும்போது கட்டிலையும் மேசையையும் அலுமாரியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். ஆனால், வளவிலே தம் கையால் நட்டு வளர்த்த முருங்கையையும், நல்ல தண்ணீர் ஊறிய கிணற்றையும் ஏற்றிச் செல்லுதல் இயலாது. புதிய வீடு பழைய வீட்டினும் பெரிதாக இருக்கலாம். காற்றும் வெளிச்சமும் மிகுந்ததாகவும் இருக்கலாம். எனினும், முதற் சில கிழமைகள் இருளிலே மின்விளக்கின் ஆளியைத் தேடும் கை பழைய இடத்தையே தடவும். கைத்தொலைபேசியின் இயங்குதளத்தை மாற்றிக்கொள்வோர் அடையும் அனுபவமும் இத்தகையதே. எவற்றை உடன் கொண்டுசெல்லலாம், எவற்றுக்கு மாற்றுத் தேடவேண்டும், எவற்றை விட்டுவிட நேரும் என்பவற்றை முன்னரே அறிந்து புறப்படுவோர்க்கு இழப்புக் குறைவு. அறியாது புறப்படுவோர் சில வேளைகளில் மீட்கமுடியாத பொருள்களையே இழந்துவிடுகின்றனர்.

இயங்குதளம் என்பது யாது? கைத்தொலைபேசியின் திரை, ஒலிவாங்கி, ஒளிப்படக் கருவி, நினைவகம் ஆகிய உறுப்புகளையெல்லாம் ஆட்சி செய்யும் அடிப்படைச் செய்நிரலே இயங்குதளமாகும். செய்தி அனுப்புதல், வழி காட்டுதல், கணக்கெழுதுதல் போன்ற தனித்தனிப் பணிகளைச் செய்யும் சிறு செய்நிரல்கள் செயலிகள் எனப்படும். ஒவ்வொரு செயலியும் தான் வேண்டும் உதவியை இயங்குதளத்திடம் கேட்டே பெறுகின்றது. அவ்வாறு கேட்கும் மொழியும் முறையும் தளத்துக்குத் தளம் வேறுபடும். அப்பிள் நிறுவனத்தின் ஐபோனுக்கு எழுதப்பட்ட செயலி கூகுள் நிறுவனத்தின் அன்ட்ரொயிட் தளத்தில் ஓடாமைக்குக் காரணம் இதுவே. இரு தளங்களிலும் ஒரே பெயரில் ஒரே செயலி காணப்படுமாயின், அதனை ஆக்கியோர் இரு முறை உழைத்திருக்கின்றனர் என்றோ, இரு தளத்துக்கும் பொதுவான கருவிகளைக் கொண்டு அதனை அமைத்திருக்கின்றனர் என்றோ கொள்ளவேண்டும்.

2008ஆம் ஆண்டு யூலை மாதம் 10ஆம் திகதி அப்பிள் நிறுவனம் தன் செயலிக்கடையைத் திறந்தபோது அங்கே இருந்தவை ஏறத்தாழ 500 செயலிகளே. அதே ஆண்டில் அன்ட்ரொயிட் தளத்திற்கும் ஒரு கடை திறக்கப்பட்டது. அதற்குப் பின் சில ஆண்டுகளுள் இரு கடைகளும் இலட்சக்கணக்கான செயலிகளால் நிறைந்தன. கைத்தொலைபேசியின் தகுதியை அதன் உறுதியைக் கொண்டு மட்டுமன்றி, அதிற் கிடைக்கும் செயலிகளைக் கொண்டும் மக்கள் மதிப்பிடத் தொடங்கினர். இந்த மதிப்பீடு சில தளங்களை வாழ வைத்தது. சில தளங்களை மாய வைத்தது. அவ்வாறு மாய்ந்தவற்றுள் விண்டோஸ் கைத்தொலைபேசியின் வரலாறு, செயலிகளைப் பிரிந்தோர் கதையை நன்கு விளக்க வல்லது.

மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் போன் 7 என்னும் தளத்தை 2010ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 11ஆம் திகதி, பின்லாந்து நாட்டின் நொக்கியா நிறுவனம் தான் வளர்த்த சிம்பியன் தளத்தைப் படிப்படியாகக் கைவிட்டு, விண்டோஸ் தளத்தையே இனித் தன் உயர்தரக் கைத்தொலைபேசிகளுக்குக் கொள்ளப்போவதாக அறிவித்தது. வண்ணச் சதுரங்கள் நிறைந்த அதன் முகப்புப் பலரைக் கவர்ந்தது. சதுரத்தைத் திறவாமலே புதிய கடிதம் எத்தனை வந்துள்ளது, வானிலை எவ்வாறுள்ளது என்பவற்றை அதன்மீதே காணலாம். குறைந்த விலைக் கருவியிலும் அத்தளம் தடையின்றி ஓடியது. ஆயினும், கருவியின் சிறப்பு மட்டும் போதுமானதாக இருக்கவில்லை.

கோழி முந்தியதா, முட்டை முந்தியதா என்னும் பழைய வினாவே இங்கும் எழுந்தது. பயனாளர் சிலரே என்பதாற் செயலி ஆக்குவோர் வரவில்லை. செயலிகள் இல்லை என்பதாற் பயனாளர் பெருகவில்லை. உலகெங்கும் பரவிய இன்ஸ்டகிராம் செயலி 2013ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேதான், அதுவும் சோதனை வடிவில், இத்தளத்தை அடைந்தது. ஸ்னப்சட் செயலியோ அதிகாரபூர்வமாக ஒருபோதும் வரவில்லை. யூரியூப் காட்சிகளைக் காண்பதற்கு மைக்ரோசொப்ட் தானே ஆக்கிய செயலியை, விளம்பரங்களைத் தடுத்தது முதலிய காரணங்களைக் காட்டிக் கூகுள் 2013ஆம் ஆண்டில் எதிர்த்தது; அச்செயலி திருத்தி வெளியிடப்பட்டபோதும் மீண்டும் தடுக்கப்பட்டது.

தளத்தின் உரிமையாளரே செய்த மாற்றங்களும் பயனாளரின் நம்பிக்கையைத் தளர்த்தின. விண்டோஸ் போன் 7 கொண்ட கருவிகளை 2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் போன் 8 தளத்துக்கு உயர்த்த முடியாது என்று அறிவிக்கப்பட்டது. நொக்கியாவின் கைத்தொலைபேசிப் பிரிவை மைக்ரோசொப்ட் விலைக்கு வாங்கும் அலுவல் 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு யூலையில் அதே நிறுவனம் 760 கோடி டொலரை இழப்பாகக் கணக்கெழுதியது. அன்ட்ரொயிட் செயலிகளை விண்டோஸ் தளத்துக்குக் கொண்டுவரும் பொருட்டு 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அஸ்ரோரியா என்னும் திட்டமும் 2016ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. விண்டோஸ் போன் 8.1 தளத்துக்கான பராமரிப்பு 2017ஆம் ஆண்டு யூலை 11இல் முடிந்தது. விண்டோஸ் 10 மொபைல் தளத்துக்கான பராமரிப்பு 2020ஆம் ஆண்டு யனவரி 14இல் முடிந்தது. இடையிலே, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பயனாளர் அன்ட்ரொயிட் தளத்துக்கோ ஐபோனுக்கோ மாறிக்கொள்ளுமாறு மைக்ரோசொப்ட் நிறுவனமே அறிவுரை கூறியது.

இவ்வாறு இடம்பெயர நேர்ந்தோர் தம் விருப்பச் செயலிகளைப் புதிய தளத்திலே தேடியபோது அச்செயலிகள் மூவகை நிலைகளில் இருக்கக் கண்டனர். முதல்வகை, தாமும் முன்னரே இடம்பெயர்ந்து காத்திருந்தவை. நொக்கியாவின் ஹியர் என்னும் வரைபடச் செயலியை எடுத்துக்கொள்வோம். இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் வழி காட்டுவது அதன் சிறப்பு. 2015ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மூன்று மோட்டார் வண்டி நிறுவனங்கள் கூட்டாக அதனை வாங்கின. விண்டோஸ் தளத்திலிருந்து அது விலகிய வேளையில், அன்ட்ரொயிட் தளத்திலும் ஐபோனிலும் அது ஏற்கெனவே இடம்பெற்றிருந்தது. மைக்ரோசொப்டின் குறிப்பேடு, கடித, எழுத்துப்பணிச் செயலிகளும் அவ்வாறே அயல் தளங்களில் நிலைபெற்றிருந்தன. இவற்றை நம்பியோர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய கருவியிற் பதிந்த அளவிலே பழைய குறிப்புகளையெல்லாம் மீளப் பெற்றனர்.

இரண்டாம் வகை, இடம்பெயர்ந்தும் நிலைக்காதவை. நொக்கியா பயனாளர் பெரிதும் விரும்பிய மிக்ஸ்ரேடியோ என்னும் இசைச் செயலி வேறு நிறுவனத்தின் கைக்கு மாறி, 2015ஆம் ஆண்டில் ஏனைய தளங்களுக்கும் வந்தது. ஆனால், 2016ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. பழைய செயலியின் பெயரைக் கண்டவுடன் மகிழ்ந்து, அதனையே நம்பியிருத்தல் போதாது என்பதற்கு இது சான்று. மூன்றாம் வகை, பழைய தளத்தோடு மறைந்தவை. வண்ணச் சதுர முகப்பு அத்தகையது. அன்ட்ரொயிட் தளத்தில் முகப்பை மாற்றியமைக்கும் செயலிகள் உள்ளமையால் அதன் சாயலை ஒருவாறு அமைத்துக்கொள்ளலாம். எனினும், தளத்தின் உள்ளேயே பிறந்த ஒன்றுக்கும் வெளியே இருந்து ஒட்டப்பட்ட ஒன்றுக்கும் வேறுபாடு உண்டு.

மாற்றுச் செயலி தேடுவோர் பெரும்பாலும் செய்யும் பிழை, பெயரைத் தேடுவதாகும். தேடவேண்டியது பெயரன்று, பணியே. பழைய செயலி எந்தெந்த அலுவலுக்கு நாள்தோறும் உதவிற்று என்று ஒரு தாளில் எழுதினால், பத்துப் பணிகள் செய்ய வல்ல செயலியில் இரண்டு பணிகளே உண்மையிற் பயன்பட்டன என்பது புலனாகும். அந்த இரண்டையும் செய்யும் செயலி புதிய தளத்திலே எளிதிற் கிடைத்துவிடும். சில வேளைகளில், புதிய தளத்தோடு கூடவே வரும் செயலியே போதுமானதாகவும் இருக்கும். பழையது போன்றே ஒவ்வொரு பொத்தானும் அமைந்த செயலியைத் தேடி அலைவோர் ஒன்றன் பின் ஒன்றாகப் பலவற்றை நிறுவி, தம் தகவல்களைப் பலர் கையிற் கொடுத்து, இறுதியில் எதனாலும் மனநிறைவு அடையார்.

பெயரைத் தேடுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. புகழ்பெற்ற செயலி இல்லாத கடையிலே அதன் பெயரையும் சின்னத்தையும் ஒத்த போலிகள் தோன்றும். விண்டோஸ் கடையிலே இத்தகைய போலிகள் பெருகியமையால், 2014ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் மைக்ரோசொப்ட் 1,500இற்கும் மேற்பட்ட செயலிகளை அகற்றியது. ஆதலின், செயலியை வெளியிட்டோர் யாவர், இறுதியாக அது எப்போது புதுப்பிக்கப்பட்டது, அது கேட்கும் அனுமதிகள் அதன் பணிக்குப் பொருத்தமானவையா என்னும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும். கைவிளக்காகப் பயன்படும் செயலி முகவரிப் புத்தகத்தைக் கேட்குமாயின் அதனை நிறுவாது விடுதலே நன்று.

செயலியை இழத்தல் சிறிய இழப்பு. செயலியினுள்ளே சேர்ந்திருப்பதை இழத்தலே பெரிய இழப்பு. கடல் கடந்து வாழும் மகனுக்குத் தாய் அனுப்பிய குரற்செய்திகள், இறந்துபோன நண்பரின் இறுதி உரையாடல், குழந்தையின் முதற் சொற்களைப் பதிந்த ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கு எந்தக் கடையிலும் மாற்று இல்லை. வட்ஸ்அப் செயலி விண்டோஸ் கைத்தொலைபேசிகளில் 2019ஆம் ஆண்டு திசம்பர் 31உடன் நின்றபோது, அங்கிருந்த உரையாடல்களை வேறு தளத்திலுள்ள வட்ஸ்அப்புக்குள் ஏற்றுவதற்கு அதிகாரபூர்வமான வழி இருக்கவில்லை. உரையாடலை எழுத்துக் கோப்பாக எடுத்து வைக்கலாம், வாசிக்கலாம், ஆனால், அதனைப் புதிய செயலியினுள் மீள வைத்தல் இயலாது. பிளக்பெரி பயனாளரின் பெருமையாக விளங்கிய பிபிஎம் என்னும் செய்திச் சேவையின் பொதுமக்கள் பிரிவு 2019ஆம் ஆண்டு மே 31இல் மூடப்பட்டது. 2022ஆம் ஆண்டு யனவரி 4இற்குப் பின், பழைய பிளக்பெரித் தளங்களில் அழைப்பும் குறுஞ்செய்தியும் கூட ஒழுங்காக இயங்கும் என்று எதிர்பார்த்தல் கூடாது என அந்நிறுவனம் அறிவித்தது.

ஐபோனுக்கும் அன்ட்ரொயிட் தளத்துக்கும் இடையே மாறுவோர்க்கும் இதே இடர்ப்பாடு நெடுங்காலம் இருந்தது. அன்ட்ரொயிட் கருவியில் வட்ஸ்அப்பின் காப்புப்பிரதி கூகுளின் சேமிப்பகத்துக்குச் செல்லும். ஐபோனில் அது அப்பிளின் சேமிப்பகத்துக்குச் செல்லும். ஒன்றில் வைத்ததை மற்றொன்று வாசிக்காது. ஐபோனிலிருந்து அன்ட்ரொயிட் தளத்துக்கு உரையாடல்களைக் கொண்டுசெல்லும் முறை 2021ஆம் ஆண்டிலும், அன்ட்ரொயிட் தளத்திலிருந்து ஐபோனுக்குக் கொண்டுசெல்லும் முறை 2022ஆம் ஆண்டிலுமே வந்தன. புதிய கருவியை முதன்முதலாக ஒழுங்கு செய்யும் வேளையிலேயே இம்மாற்றத்தைச் செய்யுமாறு அவை அமைந்தன. இதனை அறியாது புதிய கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டோர், அதனை வெறுமையாக்கி மீண்டும் தொடங்க வேண்டியவராயினர்.

வெளியேறுவோர் பழைய வீட்டின் கதவைச் சாத்திச் செல்லவும் வேண்டும். 2011ஆம் ஆண்டில் அப்பிள் தொடங்கிய ஐமெசேஜ் சேவை இதற்கு உதாரணமாகும். ஐபோனை விட்டு அன்ட்ரொயிட் கருவிக்கு மாறியோரின் தொலைபேசி எண் அச்சேவையிற் பதிவாகியே இருந்தமையால், ஏனைய ஐபோன் பயனாளர் அனுப்பிய செய்திகள் அவரை அடையாமலே போயின. அனுப்பியவர் மறுமொழி இல்லை என்று வருந்துவார். பெறவேண்டியவரோ செய்தி வந்ததையே அறியார். பதிவை நீக்கிக்கொள்ளும் வசதியை அப்பிள் 2014ஆம் ஆண்டு நவம்பரில் இணையத்தில் ஏற்படுத்தியது. மாறுமுன் அப்பதிவை நீக்குதல் சிறு வேலை. ஆனால், மறந்தால் உறவுக்கே ஊறு விளையலாம்.

வங்கிக்கணக்கு, மின்னஞ்சல் முதலியவற்றைத் திறக்கும்போது கடவுச்சொல்லோடு கேட்கப்படும் ஆறிலக்க எண்ணைத் தரும் செயலி வேறொரு பொறுப்புக்குரியது. அந்த எண்ணை உண்டாக்கும் இரகசியத் திறவுகோல் பழைய கருவியினுள்ளே இருக்கலாம். அதனைப் புதிய கருவிக்கு மாற்றுமுன் பழையதை அழித்துவிட்டால், சொந்தக் கணக்கின் வாசலிலே உரியவரே அயலாராக நிற்க நேரும். கூகுளின் அத்தகைய செயலி 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் திறவுகோல்களைப் பயனாளரின் கணக்கிலும் சேமித்து வைக்கும் வசதியைப் பெற்றது. எனினும், ஒவ்வொரு கணக்கும் வழங்கும் மீட்பு எண்களைத் தாளில் எழுதிப் பாதுகாத்தலே உறுதியான வழியாகும்.

தமிழ் எழுதுவோர் விசைப்பலகையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலே அறிமுகமான செல்லினம், கைத்தொலைபேசியில் தமிழ்ச் செய்தி எழுத வழிசெய்த முன்னோடிச் செயலிகளுள் ஒன்று. பின்னர் ஐபோனுக்கும் அன்ட்ரொயிட் தளத்துக்கும் அது வந்தது. ஆனால், பிறர் ஆக்கிய விசைப்பலகைகளை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்த ஐபோன் இடங்கொடுத்தது 2014ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வந்த எட்டாம் பதிப்பிலேதான். அதற்கு முன் ஐபோனில் அத்தகைய செயலிகளைக் கொண்டு எழுதியோர் ஓரிடத்தில் எழுதி மற்றோரிடத்தில் ஒட்டவேண்டியிருந்தது. எழுத்தின் குறியேற்றமும் கவனிக்கத்தக்கது. யுனிகோட் முறையில் எழுதப்பட்ட தமிழ் எத்தளத்திலும் தமிழாகவே தோன்றும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்ட குறிப்புகளோ, அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். அவற்றை மாறுமுன்னரே யுனிகோட் முறைக்கு மாற்றி வைத்தல் அறிவுடைமை.

இவ்வரலாறுகளிலிருந்து பெறப்படும் வழிமுறை எளிமையானது. முதலாவது, எவருக்கும் தனியுரிமையல்லாத பொது வடிவங்களிற் பொருள்களைச் சேமித்தல். முகவரிகளுக்கான விகார்ட் வடிவமும், 1998ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நாட்காட்டிப் பொது வடிவமும் எத்தளத்திலும் வாசிக்கத்தக்கவை. ஒளிப்படங்களைக் கணினியிலோ வேறொரு சேமிப்புக் கருவியிலோ படியெடுத்து வைத்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டு முதல் ஐபோன் பயன்படுத்திவரும் ஹெய்க் வடிவத்தைப் பழைய கருவிகள் சில திறப்பதில்லை; பொதுவான ஜேபெக் வடிவத்துக்கு மாற்றினால் அத்தடை நீங்கும். இரண்டாவது, விலை கொடுத்து வாங்கிய செயலிகளைக் கணக்கிடுதல். ஒரு கடையிற் கொடுத்த பணம் மற்றைய கடையிற் செல்லாது. மாதக் கட்டணம் பெறும் செயலிகளைப் பழைய கடையில் நிறுத்தாவிடின், பயன்படுத்தாத பொருளுக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும். மூன்றாவது, பழைய கருவியை உடனே விற்காமலும் வெறுமையாக்காமலும் ஒரு மாதமேனும் வைத்திருத்தல். மறந்துபோனவை யாவை என்பதை அந்த ஒரு மாதமே காட்டிக்கொடுக்கும்.

தனிமனிதரின் முன்னெச்சரிக்கை மட்டும் போதாது என்பதைச் சட்டம் இயற்றுவோரும் உணர்ந்துள்ளனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ஆம் ஆண்டு மே 25இல் நடைமுறைக்கு வந்த தகவற் பாதுகாப்பு விதி, ஒருவர் தாம் வழங்கிய தகவல்களைக் கருவி வாசிக்கத்தக்க வடிவத்திற் பெறவும் வேறொரு நிறுவனத்துக்குக் கொண்டுசெல்லவும் உரிமை வழங்கியது. 2024ஆம் ஆண்டு மார்ச் 7 முதல், பெரிய தளங்களின் உரிமையாளர் பயனாளரின் இடமாற்றத்துக்குத் தடையாக இருத்தல் கூடாது என்னும் கடப்பாடும் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருள் நல்லது என்பதால் மக்கள் அதனிடம் தங்கியிருத்தல் வேறு. வெளியேற வழியில்லை என்பதால் தங்கியிருத்தல் வேறு. முன்னையது நிறுவனத்துக்குப் பெருமை. பின்னையது மக்களுக்குச் சிறை.

விண்டோஸ் கைத்தொலைபேசியை விரும்பியோர் பலர் அதன் இறுதி நாள்வரை அதனை விட்டு நீங்க மனம் கொள்ளவில்லை. அவர்களின் பற்றுக் குறை கூறத்தக்கதன்று. ஆயினும், கருவியிடம் பற்று வைத்தல் எளிது. கருவி பதிலுக்குப் பற்று வைப்பதில்லை. இன்று அசைக்கமுடியாதனபோல் நிற்கும் தளங்களும் என்றோ ஒருநாள் மாறலாம், மறையலாம். செயலிகள் வரும், போகும்; அவற்றுக்கு மாற்றும் கிடைக்கும். மாற்றுக் கிடைக்காதவை மனிதரின் சொற்களும் குரல்களும் முகங்களுமே. குடிபெயரும் நாளில் வண்டியில் முதலில் ஏற்றவேண்டியவை அவையே. அவை பத்திரமாக ஏறிவிட்டனவாயின், புதிய வீட்டின் ஆளி எங்கே உள்ளது என்பதைக் கை சில கிழமைகளில் தானாகவே பழகிக்கொள்ளும்.